மழைச் சத்தத்தில் விழுந்த புள்ளிகள்

மன்னார் நகரப் பாடசாலை ஒன்றில் தமிழ்க் கட்டுரைத் தாள்கள் திருத்தப் போயிருந்தேன். எட்டு ஆசிரியர்கள், ஒரு வகுப்பறை, சுற்றாத மின்விசிறி. நாற்பது தாள் தாண்டினால் ஒரே வரியை மூன்று தடவை வாசிப்பேன், ஒன்றும் ஏறாது. பொறுப்பாக இருந்த ஆசிரியை அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தன் போனில் மழைச் சத்தத்தைப் போடுவார்.

"பேனையை வையுங்கோ. கண்ணை மூடுங்கோ. நாலு நிமிசம் ஒண்டையும் யோசிக்காதேங்கோ."

ஆவணி வெயிலில் மன்னாரில் மழை! முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் கண் திறந்ததும் அடுத்த தாளைப் புதிதாக வாசிக்க முடிந்தது.

இரண்டாம் நாள், அந்த மழைக்குள் பேனை கிறுக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த மூத்த ஆசிரியர் தாள்களைத் திறக்காமலே மேல் பக்கத்தில் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். விரலை நாக்கில் நனைத்து அடுத்த தாள். ஐம்பத்தைந்து. மறுபடி நனைத்து அடுத்தது. அறுபது. அந்த ஈர விரலைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சேர், வாசிக்கேல்லையோ?"

"எழுத்தைப் பாத்தாலே தெரியும் ரீச்சர். எத்தினை வருசமாத் திருத்திறன். நீங்களும் கெதியா முடிச்சுப்போட்டு வீட்டை போங்கோ."

மழை நின்றதும் பொறுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அவர் சீனியர். பிரச்சினைப்படுத்தாமல் அந்தத் தாள் கட்டை நீங்களே திருப்பிப் பாருங்கோ."

பார்த்தேன். பெரும்பாலும் மூன்று நான்கு புள்ளிதான் வித்தியாசம். ஒரு தாளைத் தவிர. விடத்தல்தீவுக் கரையோரப் பிள்ளை ஒன்று, வலையில் நண்டு கழற்றிக் கழற்றித் தாயின் விரல்கள் வெடித்திருப்பதைக் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. அவர் போட்டது முப்பத்திரண்டு. நான் எழுபத்தாறு போட்டு, கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

அவர் வாங்கக்கூட இல்லை. "மிச்சமெல்லாம் சரியாத்தானே கிடக்கு? நான் சொன்னனானெல்லே?" என்று சிரித்தார்.

பின்னேரம் பொறுப்பாசிரியை அவரை வேறு மேசைக்கு மாற்றினார். அவ்வளவுதான். அங்கும் அவருடைய கட்டுத்தான் முதலில் முடிந்தது. அந்தக் கட்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், நானும் எழுதவில்லை. அவர்மேல் வந்த அருவருப்பில் பாதி, இப்போது என்மேல்தான் இருக்கிறது.