மேனேஜருக்காக ஒரு கையெழுத்து

ஜெர்லின் கல்யேகோவை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பொய். யாரும் தூக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தை ஜூன் கடைசியில் புதுப்பிக்காமல் விட்டார்கள். அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தண்ணீர் வாரியத்தில் அவள் பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு ஒப்பந்தக் காகிதம். அத்தனையையும் ஃபைலில் கோத்து வைத்தவள் நான்தான். பதிவறை என் பொறுப்பு. பெயர் தெரேசிங், ஆபீசில் எல்லாருக்கும் மனாங் தெர்சிங்; மனாங் என்றால் அக்கா. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வாய் அதிகமுள்ளவள் வாயைத் திறக்க வேண்டிய ஒரே நாளில் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜெர்லின் கணினி பார்க்கிறவள். பில் அடிக்கிற மெஷின் நின்றாலும் அவள்தான், மேனேஜர் மகளின் பள்ளிக்கூடப் பாடத்தைக் கலரில் அச்சடித்துத் தருவதும் அவள்தான். புருஷன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். வீட்டில் ஒரு பெண் குழந்தை. பண்டிகை போனஸ், மருத்துவ விடுப்பு எதுவும் ஒப்பந்தக்காரர்களுக்குக் கிடையாது. டிசம்பரில் நாங்கள் போனஸ் வாங்க வரிசையில் நிற்கும்போது அவள் எங்களுக்கு வரிசை எண் சீட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மணிலாவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு தண்ணீர் வாரியத்திலும் கணினிப் பாதுகாப்புக்கென்று ஒரு நிரந்தர அதிகாரி இருக்க வேண்டும், அந்தத் துறையில் முதுகலைப் பட்டம் கட்டாயம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெர்லின் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"மனாங், பாத்தீங்களா? நிரந்தர இடம்!"

"பாத்தேன். எம்.ஏ. மாதிரி என்னமோ கேக்குறானே."

"படிச்சா போச்சு."

"எங்கடி போய்ப் படிப்ப? புள்ளைய உங்க மாமியா பாப்பாளா?"

"எங்கயும் போக வேணாம் மனாங். ஆன்லைன்ல இருக்கு. வெளிநாட்டு யுனிவர்சிட்டி. ரெண்டு வருஷம்."

இணையப் பாதுகாப்புக் கொள்கையும் இடர் மேலாண்மையும். படிப்பின் பெயர் அது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சனிக்கிழமை காலையில் அவளுக்கு வகுப்பு. வீட்டில் மின்சாரமும் நெட்டும் போய்ப் போய் வருவதால் என் பதிவறையில் வந்து உட்காருவாள். நான் ஓவர்டைம் என்ற பெயரில் அங்கே கால் நீட்டிக்கொண்டு இருப்பேன். திரையில் சின்னச் சின்னக் கட்டத்தில் முகங்கள்: ஒரு ராணுவக்காரர், ஒரு வங்கி அம்மாள், தாடி வைத்த வாத்தியார். வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டும்; மற்ற இரண்டு பேர் எழுதியதைப் படித்துப் பதிலும் எழுத வேண்டும். சோற்றையும் கருவாட்டையும் கேமராவுக்குக் கீழே மறைத்து வைத்துத் தின்றுகொண்டே அந்த வங்கி அம்மாளோடு சண்டை போடுவாள். நான் சிரிப்பேன்.

ஒருநாள் கேட்டேன். "அப்படி என்னதான்டி சொல்லித் தர்றான் அந்தத் தாடி?"

"ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கணும், மனாங். பேர் போட்டு எழுதணும். சரி பண்ணப் போறோமா, இல்ல தெரிஞ்சே ஏத்துக்கப் போறோமான்னு அவர்தான் முடிவு பண்ணி, அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"நல்ல கதை. இந்த ஆபீஸ்ல ஸ்டேப்ளருக்கே சொந்தக்காரன் கிடையாது."

கடைசிப் பருவத்தில் நிஜமான ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஆபத்துகளைப் பட்டியல் போட்டு, தலைமை அதிகாரியின் கையெழுத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். அவள் எங்கள் ஆபீசையே எடுத்தாள். பதினொரு ஆபத்து எழுதினாள். முதலாவது குழந்தை யேசு.

சிரிக்காதீர்கள். காசாளர் மேஜையில் இருக்கும் குழந்தை யேசு சொரூபத்தின் பீடத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாக் கணினிக்கும் சேர்த்து ஒரே கடவுச்சொல், அந்தச் சீட்டில். யாருக்கு மறந்தாலும் போய்ச் சொரூபத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வோம். சாமிக்குப் பின்னால் கை வைக்க எந்தத் திருடனுக்குத் துணிச்சல் வரும் என்பது எங்கள் எண்ணம். தாடி வாத்தியார் அந்த வரியின் ஓரத்தில் 'இது உவமையா?' என்று கேட்டு எழுதியிருந்தார். ஜெர்லின் சொரூபத்தைப் படம் எடுத்து அனுப்பி வைத்தாள்.

அதை மாற்றப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை சீட்டைக் கிழித்துப் போட்டுப் புதுக் கடவுச்சொல் வைத்தாள். மீட்டர் கணக்கைப் பக்கத்துத் தீவிலிருந்து பார்க்கிற ஒப்பந்தக்காரன் மேனேஜரின் மச்சான். அவனால் உள்ளே வர முடியவில்லை. மேனேஜர் நோனோய் சார் எல்லார் முன்னாலும் கத்தினார். "உன்ன யாரு பூட்டு மாத்தச் சொன்னா? உங்க அப்பன் வீடா இது?" மறுநாள் பழைய கடவுச்சொல்லே திரும்பி வந்தது. சீட்டும் புதுப் பசையோடு பழைய இடத்துக்கு வந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலைக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். தவறினால் ஒரு பருவம் தள்ளிப்போகும். நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிக்கும் தேதியோ டிசம்பரோடு முடிகிறது. நோனோய் சாருக்கு அன்று நகரத்தில் ஒரு கல்யாணம், எங்கள் பக்கம் கல்யாண ஜோடிக்கும் ஞானத்தகப்பன் உண்டு, இவர்தான் அது. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, பரிசுப் பெட்டியை வைத்திருந்த என் அறைக்கு வந்தார். மூன்று நாளாகப் பின்னால் அலைந்த ஜெர்லின் அங்கே வைத்துத்தான் பிடித்தாள்.

"சார், இந்தப் பதினொண்ணையும் என்ன செய்யறதுன்னு நீங்க சொல்லணும். சரி பண்ணலாமா, ஏத்துக்கலாமா?"

"சரி பண்ண பட்ஜெட் எங்க இருக்கு? எல்லாத்தையும் ஏத்துக்கிறோம்னு போடு."

"பதினொண்ணையுமா சார்?"

"பன்னெண்டு இருந்தாலும் ஏத்துக்கோ."

"கையெழுத்து, சார்?"

"எனக்காக நீ போட்டுடு. எப்பவும் போடுறதுதானே!" பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்.

எங்கள் ஆபீசில் இது சோறு தின்பதைப் போல. மேனேஜர் பெயருக்கு மேலே 'இவருக்காக' என்று சின்னதாக எழுதி, நம் கையெழுத்தைக் கிறுக்கிவிட வேண்டியது. விடுப்புக் கடிதம், குழாய் வாங்கும் ஆர்டர், கோர்ட்டுக்குப் பதில் என்று நான் போட்டதே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஜெர்லின் மட்டும் பேனாவை எடுக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மனாங், இது லீவ் லெட்டர் இல்ல. இதுல யார் போடுறாங்களோ அவங்கதான் சொந்தக்காரர். ரெண்டு வருஷமா நான் படிச்சதே இது ஒண்ணுதான்."

"அந்தப் படிப்பு முடியணுமா வேணாமா?"

"முடியணும்."

"நிரந்தர இடம் வேணுமா வேணாமா?"

அவள் காகிதத்தை முதல் பக்கத்துக்குப் புரட்டினாள்.

"அடியே, இருபத்தேழு வருஷமா பாக்குறேன். இந்த ஆபீஸ்ல எவன் தன் கையால கையெழுத்துப் போட்டிருக்கான்? எவன் தலை போயிருக்கு? போடு." என் பேனாவைத் திறந்து அவள் கையில் வைத்தேன். பாவி, நானேதான் வைத்தேன்.

போட்டாள். அறிக்கை போயிற்று. டிசம்பரில் நிரந்தர இடத்துக்கு விண்ணப்பமும் போயிற்று. ஜனவரி இரண்டாம் வாரம் தாடி வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது: அந்த வகுப்பிலேயே முதல் மதிப்பெண், பட்டம் உறுதி. ஜெர்லின் ஆபீஸ் முழுவதற்கும் பான்சித் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நோனோய் சாரும் இரண்டு தட்டு தின்றார். "நம்ம பாதுகாப்பு அதிகாரி!" என்று தோளில் தட்டினார்.

அந்த ஞாயிறு குழந்தை யேசு திருவிழா. வருஷா வருஷம் சொரூபத்துக்குப் புது அங்கி உடுத்தி ஆபீசைச் சுற்றி ஊர்வலம் வருவோம். நோனோய் சார் சொரூபத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆடினார். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்தார்கள். எல்லாப் படமும் வாரியத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறிற்று. இருநூறு பேர் இதயம் போட்டார்கள். பின்னாலிருந்து எடுத்த படத்தில் பீடமும் சீட்டும், சீட்டில் எழுதியிருந்ததும் பளிச்சென்று தெரிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தவன் எங்கேயோ இருந்தான்.

ஒன்பதாவது நாள் காலையில் எல்லாத் திரையும் கறுத்துப் பணம் கேட்டது. மச்சான் வந்துபோகிற அதே வழியாக, அதே கடவுச்சொல்லோடு உள்ளே வந்திருக்கிறார்கள். நாலு நாள் பில் இல்லை. அதைவிட மோசம், பதினாறாயிரம் குடும்பங்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் வெளியே போய்விட்டன. ஊர்க்காரர்கள் வாசலில் நின்று திட்டினார்கள். மணிலாவிலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். அவர்கள் கையில் கிடைத்த முதல் காகிதம் ஜெர்லினின் அறிக்கைதான். ஆபத்து எண் ஒன்று: சொரூபத்தின் சீட்டு. முடிவு: ஏற்றுக்கொள்கிறோம். கையெழுத்து: மேனேஜருக்காக, ஜெர்லின் கல்யேகோ.

"நான் அந்தக் காகிதத்தக் கண்ணாலயே பாக்கல" என்றார் நோனோய் சார். "சார் சொல்லித்தான் போட்டேன், மனாங் தெர்சிங் அங்கதான் இருந்தாங்க" என்றாள் ஜெர்லின். என்னை மறுநாள் கூப்பிட்டார்கள்.

அதற்கு முந்தின மாலை நோனோய் சார் ஒரு டப்பா பிஸ்கெட்டோடு என் அறைக்கு வந்தார். என் பேரனுக்கும் அவர்தான் ஞானத்தகப்பன்.

"பேரன் எப்படி இருக்கான், மனாங்?"

"இருக்கான்."

"உங்க ரிட்டயர்மென்ட் எப்போ?"

"இன்னும் பதினாலு மாசம்."

அவர் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். "எனக்காக நீங்க போட்ட கையெழுத்தும் இங்க எவ்வளவோ இருக்கும்ல? அவங்க பாட்டுக்கு எல்லாத்தையும் எடுக்கச் சொன்னா என்ன பண்றது? பென்ஷன் ஃபைல எல்லாம் நிறுத்தி வைப்பாங்களாம்." டப்பாவை மேஜையில் வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். அதில்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம். பயத்தில் உளறியிருந்தால்கூட என்னை மன்னித்துக்கொள்வேன்.

விசாரணை அறையில் ஜெர்லின் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விசாரிக்க வந்தவர்களில் ஒரு மணிலா அம்மாள் கேட்டார். "தனக்காகக் கையெழுத்துப் போடச் சொல்லி மேனேஜர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"நான் ஃபைல் அடுக்கிட்டிருந்தேன் மேடம். என் காதுல எதுவும் விழல."

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. கீழே என் சொந்தக் கையெழுத்து. அந்த ஆபீசில் நான் யாருக்காகவும் இல்லாமல் எனக்காகப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

நடைவழியில் ஜெர்லின் எனக்காக நின்றாள். அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருக்கலாம்.

"பன்னெண்டாவதா ஒண்ணு இருந்திருக்கு, மனாங்" என்றாள். "எழுதாம விட்டுட்டேன்."

ஊழியரே ஆபத்தைக் கண்டறிந்து, ஊழியரே எழுத்துமூலம் ஏற்றுக்கொண்டார் என்று அறிக்கை வந்தது. நிரந்தர இடம் தகுதியான விண்ணப்பதாரர் இல்லாததால் காலி என்று சுவரில் ஒட்டினார்கள். ஜூன் முப்பது வந்தது, போயிற்று. ஜூலையில் அவள் பட்டம் கூரியரில் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. அவளுக்காக நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோனபோது கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகவே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள். போகிற இடமெல்லாம் பழைய ஆபீசை ஏன் விட்டாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வாள்?

அவள் நாற்காலியில் இப்போது ஷைரா இருக்கிறாள். ஆறு மாத ஒப்பந்தம். போன வாரம் மணிலாவிலிருந்து, ஜெர்லின் எழுதியதைப் போலவே ஆபத்துகளைப் பட்டியல் போட்டுக் கையெழுத்துக் கேட்கும் ஒரு படிவம் எல்லா வாரியங்களுக்கும் வந்தது. நடந்ததற்குப் பிறகு இனி வருஷா வருஷம் கட்டாயமாம். நோனோய் சார் ஒரு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எனக்காக நீ போட்டுடு" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னார். அது என் காதில் நன்றாக விழுந்தது.

ஷைரா படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள். "மனாங், நான் இதெல்லாம் போட்டதே இல்ல. எங்க போடணும்?"

எனக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

"அந்தக் கோட்டு மேல" என்றேன். "நீல மையில போடு." என் பேனாவைக் கொடுத்தேன்.