மாமனார் சொன்ன சாட்சி

பிரிந்துபோன என் கணவர், எனக்கும் மகளுக்கும் மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. ஒரு வருடமாகியும் தரவில்லை. உத்தரவை நிறைவேற்றச் சொல்லி ராமநாதபுரம் கோர்ட்டில் மறுபடியும் மனு போட்டேன்.

வாய்தா அன்று கணவர், "வேலை இல்லைங்கய்யா, வருமானமே கெடையாது" என்றார். பின்வரிசையில் மாமனார் இருந்தார். மகனுக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேத்தியைப் பார்க்கச் சிக்கல் கிராமத்திலிருந்து இரண்டு முறை வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான்.

மாமனார் எழுந்தார். "ஏலே, பொய் சொல்லாத" என்றவர் நீதிபதியைக் கும்பிட்டார். "அய்யா, இவன் கமுதியில மொளகா வத்தல் கடை வச்சிருக்கான். நல்லா ஓடுது. பெத்தவன் நானே சொல்றேன்."

அடுத்த வாய்தாவுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் சிறை என்றார் நீதிபதி.

வெளியே வந்ததும், "வீட்டுக்கு வாங்க மாமா" என்றேன்.

"இன்னைக்கு வேணாம்த்தா. பெத்த புள்ளையக் காட்டிக்குடுத்துட்டு நிக்கிறேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

கணவர் பாக்கியைக் கட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு நானே சிக்கலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை தேடினேன். பேத்தியைக் கண்டதும் அவர் அழுதார். அந்த வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை.