மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போன வழி

சிறுநீரோடு இரத்தம் போனதால் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூத்திரப்பைக்குள் ஒரு கட்டி நிழலாகத் தெரிந்தது. புற்றுநோயா என்று அறிய ஸ்கேன் எடுக்கவேண்டும், மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கட்டி தெளிவாகத் தெரியும் என்றார் டொக்டர். ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தமிழர் கூடிவாழும் வெள்ளவத்தையில், வீட்டிலேயே ஒரு போத்தலை முடித்துவிட்டுக் கணவரோடு பஸ் ஏறினேன். யுத்தகாலக் கொழும்பில் பஸ்ஸை நம்பித் தண்ணீர் குடித்த ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் என்னைத் தனியே நிறுத்தினார்கள். நிற்க முடியவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்தேன். அதைப் பார்த்தே, குண்டு கட்டியிருக்கிறேனோ என்று பொலிஸ்காரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் அடிவயிற்றில் அழுத்தினாள்.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டாள்.

அதை அறியத்தானடி நானும் போறன் என்று வாய்வரை வந்தது. தண்ணீர் என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் கழிப்பறையைக் காட்டினாள். போனால் ஸ்கேன் இல்லை, அடுத்த கிழமைவரை இந்தப் பயத்தோடு கிடக்கவேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினேன். சந்தேகம் கூடி, மறுபடியும் அழுத்தினாள். டொக்டர் எழுதித் தந்த துண்டைக் கணவர் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் விட்டாள்.

ஸ்கேன் அறையில் டொக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித் துலையுங்கோவன் என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கர்ப்பப்பையில் வழமையாக வருகிற தசைக்கட்டி, மூத்திரப்பைச் சுவரில் வந்திருக்கிறது போலிருக்கிறது. மிக அரிது. மேற்புறம் வழவழப்பாக இருக்கிறது, புற்றுநோய் பெரும்பாலும் இப்படி இருக்காது. ஒரு சிறு துண்டு எடுத்து உறுதிப்படுத்துவோம், ஆனால் தனக்குப் பயமில்லை என்றார்.

நன்றிகூடச் சொல்லாமல் கழிப்பறைக்கு ஓடினேன். வெளியே காத்திருந்த கணவர் அந்த ஓட்டத்தைத் தவறாக விளங்கிக்கொண்டார். கதவடியில் வந்து நின்று, "என்னவாம்? சொல்லுமன், என்னப்பா?" என்று கிசுகிசுத்தார். வெள்ளவத்தையைத் தாண்டினால் அந்த நாட்களில் நாங்கள் தமிழை இப்படித்தான் கதைப்போம்.

"கூடாத கட்டி இல்லைப் போலயாமப்பா! நான் சாகமாட்டன்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். வெளியே அவர் சத்தம்போட்டு அழத் தொடங்கினார்.