மங்கில் மடித்த தாள்

மலேசியாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஜெனவீவின் கேக் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸும் கழிந்ததில்லை. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தகரப் பெட்டியை ஏற்றி, அதற்குள் சின்ன அச்சுகளை அடுக்கிச் சுடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்த வேலை அல்ல. கருக்கிக் கருக்கிப் படிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அவளுக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியது. மேட்டு நிரையில் மரம் சீவிவிட்டுப் பால் வாளியோடு இறங்கும்போது கண்ணில் நீர் முட்டும். பால்வெட்டு வேலையை விட்டுவிட வேண்டுமானால் வேறு பிழைப்பு வேண்டும். சுங்கை பட்டாணியில் ஒரு துணித் தொழிற்சாலையில் கேன்டீன் நடத்திய பிரேமாவதியிடம் போய்க் கேட்டாள்.

"கொண்டாங்க அக்கா, பார்ப்போம். ஆனா ஒண்ணொண்ணுக்கும் அடியில தாள் இருக்கணும். வேலை செய்யற பிள்ளைங்க மெஷின் எண்ணெய்க் கையோட வந்து நின்னுக்கிட்டே சாப்பிடும்" என்றாள் பிரேமாவதி.

பூப்போட்ட தாள் கிண்ணங்கள் கடைக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். ஜெனவீவ் சுருளாக விற்கும் கேக் தாளை வாங்கி வந்து சதுரமாக வெட்டினாள். அச்சுக்குள் வைத்து அழுத்தினால் தாள் முரண்டு பிடித்து எழுந்து நின்றது. ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தாள். மடிந்தது, காய்ந்ததும் மறுபடி விரிந்தது. மடித்த வாக்கிலேயே காய வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டில் பழைய மங்குகள் கிடந்தன. மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணங்கள். ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும். அடிப்பாகம் அச்சுக்கென்றே செய்ததுபோல இருந்தது. சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். கணவன் மோரிஸும் முகர்ந்தான். ஒன்றுமில்லை. கவிழ்த்த மங்கின் மேல் ஈரத்தாளைப் போர்த்தி, நாலு மூலையையும் ஒரே பக்கமாக மடித்து, மேலே இன்னொரு மங்கைக் கவிழ்த்தாள். காலையில் எடுத்தபோது தாள் மொறமொறவென்று கிண்ணமாக நின்றது.

திங்கட்கிழமை பிரேமாவதி ஒரு கேக்கைக் கடித்தாள். மெல்லுவது மெதுவாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸு ரப்பர் ஸ்டோரைத் தாண்டிப் போறப்ப வருமே, அந்த நாத்தம்லா இது."

ஜெனவீவ் முகர்ந்தாள். வெண்ணெயும் முட்டையும்தான் மணத்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கொண்டாங்க. அதுவும் இப்படின்னா எனக்கு டவுன் பேக்கரி பன்னே போதும்."

அன்று மாலை தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் அந்தக் கேக்கை முகர்ந்தார்கள். "அந்தம்மா மூக்குலதான் கோளாறு" என்றாள் பக்கத்து வீட்டு மருதம்மாள். ஜெனவீவ் சிரிக்கவில்லை. எதில் நாற்றம் என்று தெரியாமல் எதை மாற்றுவது? தெரிந்துகொள்ளவோ இங்கே ஒரு மூக்கு இல்லை. எல்லாம் ரப்பர் பாலில் ஊறிய மூக்கு.

மறுநாள் மீன்கார அய்யாவு வந்தார். தஞ்சோங் டாவாயில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக விற்பவர். வழக்கம்போல மூக்கில் கைக்குட்டை.

"உங்க தோட்டத்துக்குள்ள நுழைஞ்சாலே குடலைப் பிரட்டுது, தங்கச்சி."

வேறு நாளாக இருந்தால், உங்க கூடையில மட்டும் மல்லிகைப்பூவா என்று கேட்டிருப்பாள். அன்று அவரை வாசலில் உட்காரவைத்து, தாள் இல்லாமல் சுட்ட கேக், சுருளிலிருந்து வெட்டிய தாள், மங்கில் மடித்த தாள் மூன்றையும் கொண்டுவந்தாள். அவர் கை நீட்டினார்.

"கையை வைக்காதீங்க அண்ணே. மூக்கை மட்டும் கொடுங்க."

கேக்கிற்குத் தலையாட்டினார். வெட்டிய தாளுக்கும் தலையாட்டினார். மடித்த தாளை மூக்கருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ, இதுதான்! ஒட்டுப்பால் நாத்தம்!"

ஜெனவீவ் மங்கு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பளபளப்புக்கு அடியில் மயிரிழை போல வெடிப்புகள். அவற்றில் இறுகிக் கிடந்த பழைய ரப்பர் பாலின் நாற்றத்தை ஈரத்தாள் இரவெல்லாம் உறிஞ்சியிருக்கிறது.

மங்குகளை வெளியே வைத்தாள். கோப்பிக்கடையில் பழைய கண்ணாடிக் கிளாசுகள் கேட்டு வாங்கினாள். அவை அவ்வளவு இறுக்கமாக ஒன்றுக்குள் ஒன்று உட்காரவில்லை. இடைவெளிக்குத் துணி சுற்றினாள். தாளின் மூலைகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. சுடுவதற்கு முன்னால் அய்யாவுவின் மூக்குக்கு இன்னொரு முறை காட்டினாள்.

வெள்ளிக்கிழமை பிரேமாவதி கடித்தாள், மென்றாள், தாளில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் வழித்துத் தின்றாள்.

"திங்கட்கிழமையிலிருந்து தினமும் கொண்டாங்க அக்கா."

அந்த மாதக் கடைசியோடு ஜெனவீவ் பால்வெட்டை நிறுத்தினாள். காலையில் கேக்கோடு டவுன், மதியம் முழங்காலை நீட்டி உட்கார்ந்து தாள் மடிப்பு. கொஞ்ச காலம் கழித்து ஒருநாள், மோரிஸ் தோட்ட வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முகம் சுளித்தாள்.

"என்னங்க, வழியில எதையாவது மிதிச்சிட்டு வந்தீங்களா?"

அவன் இரண்டு காலையும் தூக்கிப் பார்த்தான். சட்டையை முகர்ந்தான். "ஒண்ணும் இல்லையே, புள்ள."

ஜெனவீவ் அவன் சட்டையை முகர்ந்தாள். அதே ஒட்டுப்பால் நாற்றம். பிறகு கிளாசுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல போய்க் குளிங்க. தாள் பக்கம் வராதீங்க."