கதவு திறந்திருந்த வழக்கு

நீதிமன்றக் கதவைப் பொலிஸார் சாத்தத் தொடங்கிய அந்தக் கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான மயிலிட்டி மீனவர் ஒருவருக்காக நான் அன்று சட்டத்தரணியாக முன்னிலையாகியிருந்தேன். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி, வழக்கை மூடிய அறையில் விசாரிக்க வேண்டுமென்று அரச சட்டத்தரணி கேட்டிருந்தார். நீதிபதி முடிவு சொல்வதற்கு முன்பே, பார்வையாளர் வாங்குகளில் அமர்ந்திருந்த சனங்களை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். மீனவரின் அக்கா மட்டும் எழும்பவில்லை.

நீதிபதி காரணம் கேட்டார். அக்கா எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஐயா, தம்பியைத் துறையிலை எல்லாரும் பாக்கத்தான் பிடிச்சுக்கொண்டு போனவை. விசாரிக்கேக்கை மட்டும் ஏன் ஒருத்தரும் பாக்கக் கூடாது?"

அதற்குப் பிறகு எனக்கு வாதம் சுலபமாகிவிட்டது. இதில் எது இரகசியம் என்று அரச தரப்பு சொல்லட்டும் என்றேன். தேசிய பாதுகாப்பு என்பதையே அவர்கள் திரும்பவும் சொன்னார்கள். நீதிபதி கோரிக்கையை நிராகரித்தார். வெளியே போனவர்கள் திரும்பி வந்து அமர்ந்தார்கள்.

அரச தரப்பிடம் இருந்த ஒரே ஆதாரம், தடுப்புக்காவலில் எடுத்த வாக்குமூலம். அது சிங்களத்தில் இருந்தது; கையெழுத்து வைத்தவருக்கோ சிங்களம் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் உரத்து வாசித்தார். ஆயுதம் ஏற்றியதாகச் சொல்லப்பட்ட வள்ளத்தின் இலக்கமும் அதில் வந்தது. அது யாருடைய வள்ளம் என்று தம்பிக்கும் தெரியாது. விசாரித்துப் பார்த்த எனக்கும் பிடிபடவில்லை.

இடைவேளையில் முன்பின் அறியாத ஒருவர் எங்களிடம் வந்தார். தொண்டைமானாற்றுக்காரர், வேறொரு வழக்குக்காக வந்து பின்னால் இருந்தவர்.

"பிள்ளை, இப்ப வாசிச்சது என்ரை வள்ளத்தின்ரை நம்பர். அவை சொல்லுற மாசம் அது அடி உடைஞ்சு கரையிலை கிடந்தது. கடலையே காணேல்லை."

"இதை உள்ளுக்கை வந்து சொல்லுவீங்களோ அண்ணை?" என்று அக்கா கேட்டார்.

அவர் வாசலில் நின்ற பொலிஸாரைத் திரும்பிப் பார்த்தார். பயம் இல்லாமலா இருந்திருக்கும்?

"ஓம், சொல்லுறன்."

சொன்னார். குறுக்கு விசாரணையிலும் அவர் சொல் மாறவில்லை. வாக்குமூலத்தை நீதிபதி ஏற்கவில்லை. தம்பி விடுதலையாகி வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தால் அந்த மனிதர் வாசலோடு திரும்பியிருப்பார்.

ஆட்சிகள் மாறினாலும் அந்தச் சட்டத்துக்குப் புதுப்பெயர் தேடுவது ஓயவில்லை. மூடிய அறை வேண்டுமென்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று மறுக்கிறேன். சில வேளை தோற்கிறேன். ஆனால் மறுப்பு பதிவாகிறது. மேன்முறையீட்டில் அதற்குப் பலன் கிடைப்பதையும் கண்டிருக்கிறேன்.

போன கிழமை அக்காவை மறுபடி நீதிமன்றத்தில் கண்டேன்.

"என்னக்கா, உங்கடை ஆக்கள் ஆருக்கும் வழக்கோ?"

"இல்லைப் பிள்ளை. ஆரோ ஒரு பொடியனுக்கு வழக்காம். தாய் தேப்பன் தூரத்திலையாம், வரேலாதாம். அதுதான் வந்து இருக்கிறன்."

சொல்லிவிட்டுப் பக்கத்து வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்து, இன்னொருவருக்கும் இடம் விட்டார்.