பின்சக்கரத்துக்குப் பாரம்

அந்தக் காரை எனக்கு முதலில் உள்ளங்காலில்தான் தெரியும். தூத்துக்குடியில் வேலை பார்த்த என் தாய்மாமா கார்த்திகைக்கு எங்கள் ஊருக்கு ஓட்டிவந்த அந்தப் பழைய சின்னக் காருக்குக் கதவு இரண்டே இரண்டுதான். முன்சீட்டை மடக்கி இடுக்கு வழியாகப் பின்னால் நுழைந்துவிட்டால், யாராவது மறுபடி மடக்கிவிட்டாலொழிய இறங்க முடியாது. தரையின் நடுவே நீளமாக ஒரு மேடு. பொடிசு என்பதால் என்னை நடுவில் திணிப்பார்கள். கார் நகர்ந்ததும் அந்த மேட்டுக்குள் ஏதோ கிறுகிறுவென்று சுற்றுவது என் காலில் ஏறும். "எஞ்சின் முன்னால கெடக்கு, வண்டிய உருட்டுறது பின்சக்கரம். இங்கன இருந்து அங்கன வரைக்கும் நீள 'ராடு' சுத்துது. ஆட்டம் போட்டே, காலப் பிடிச்சு இழுத்துரும், பாத்துக்கோ" என்று மாமா சிரிப்பார். அவருக்கு அது விளையாட்டு, எனக்கோ மூத்திரம் முட்டும்.

மழை வெறித்த ஒரு பகலில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போன அப்பாவை இரண்டு பேர் காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் நுரை, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நல்லவேளை, மாமாவின் கார் வாசலில் நின்றது. அப்பாவைப் பின்சீட்டில் கிடத்தியதும், தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சேலையை நான் விடவில்லை, அதனால் என்னையும் தரையில், அந்த மேட்டின் மேலேயே உட்காரவைத்துவிட்டார்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போக முதலில் தார்ரோட்டைப் பிடிக்க வேண்டும், அதுவரைக்கும் கரிசல்காட்டு வண்டிப்பாதைதான்.

ஓடைப் பள்ளத்தில் கார் புதைந்தது.

எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டி புதைந்தால் முதல் காரியம் பாரத்தை இறக்குவது. மாட்டுக்கு இழுப்பு லேசாகும், வண்டி ஏறிவிடும். களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்ததும், "ஏலே, ஆள எறக்குங்கலே, பாரம் கொறையட்டும்" என்றார் பெரியவர் ஒருவர். மாமா எதையும் யோசிக்கவில்லை. அப்பாவை இடுக்கு வழியாக உருவி எடுத்து வரப்பில் கிடத்தினார்கள், அம்மாவும் பின்னாலேயே இறங்கினாள். முன்சீட்டு படாரென்று திரும்பி விழுந்தது. உள்ளே நான் இருப்பது யாருக்கும் நினைவில்லை.

மாமா எஞ்சினை உறும விட்டார். கார் ஒரு சாண் நகரவில்லை. எனக்குக் கீழே அந்த ராடு மட்டும் வெறி பிடித்துச் சுற்ற, பின்சக்கரங்கள் சகதியை வாரி இறைத்துக்கொண்டு இன்னும் கீழே போயின. மேடு வெடித்து அது வெளியே வந்து என்னைச் சுருட்டிவிடும் என்றே நம்பினேன். கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டேன். ஜன்னலில், அப்பாவின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "அவியளுக்கு மூச்சு இழுக்குதே, யய்யா, மூச்சு இழுக்குதே" என்று அம்மா அலறுவது தெரிந்தது.

மாமா எஞ்சினை அணைத்தார். சடாரென்று தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்ட பயலே! கனமெல்லாம் முன்னால கெடக்கு. சுத்துத சக்கரத்துக்குப் பாரமே இல்லாம ஆக்கிட்டனே! அத்தானத் தூக்கி உள்ள போடுங்க! பொம்பளையள்லாம் டிக்கி மேல ஏறுங்க!"

"புதையுத வண்டியில பாரம் ஏத்தச் சொல்லுதானே, இவனுக்கென்ன கிறுக்கா?" என்று பெரியவர் மறித்தார். மாமா விளக்க, அவர் மறுக்க, அப்பாவின் கால் இழுப்பதும் நின்றுபோனது. அம்மா பெரியவரின் காலில் விழுந்தாள். "எந் தம்பி சொல்லுதத ஒருக்காக் கேளுங்க அண்ணாச்சி!" பெரியவர் விலகி வழிவிட்டார். அப்பாவும் அம்மாவும் பின்சீட்டுக்கு வந்தார்கள். நாலைந்து பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு டிக்கியில் ஏற, காரின் பின்பக்கம் முனகிக்கொண்டு தாழ்ந்தது. ஆண்கள் சக்கரத்துக்கு அடியில் சோளத்தட்டையைத் திணித்துவிட்டுப் பக்கவாட்டில் நெம்பினார்கள். சக்கரம் மண்ணைக் கவ்விற்று. "நகந்துட்டு! நகந்துட்டு!" மேடேறிய குலுக்கலில் ஒருத்தி சகதியில் விழுந்து, "எம்மா, இடுப்பு போச்சே! நிக்காத, நீ போ, போ!" என்று கத்தினாள்.

அப்பா பிழைத்தார். அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாமா காரோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் அப்பா மருந்து டின்னை மறுபடி தோளில் மாட்டினார். "பாதிக் காடு அப்படியே நிக்குதுல்லா, புழு தின்னுட்டுப் போவவா?" என்றவரின் மூக்கில் அம்மா துண்டைக் கட்டிவிட்டாள். வாசலில் கார் நின்ற இடம் வெறுமனே கிடந்தது; அப்பா காட்டிலிருந்து திரும்பி வரும்வரை நான் அங்கேயே நின்றேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் அப்படித்தான் நின்றேன்.

அப்பா வயதாகிப் படுக்கையில்தான் போனார். பருத்தி போய் மக்காச்சோளம் வந்துவிட்டது, வண்டிப்பாதைக்கும் தார் போட்டாகிவிட்டது. இப்போது என் காரில் முன்சக்கரம்தான் இழுக்கிறது. கீழே நீள ராடு கிடையாது. ஆனாலும் ஊருக்குப் போயிருக்கும்போது எந்தக் காட்டிலிருந்தாவது மருந்து வாடை வந்தால், எழுந்து போய்க் காரை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, அடிக்கப் போனவர் வீடு திரும்புகிறவரை சாவியைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.