தள்ளினால் கிளம்பும் வண்டி

அந்தக் காரை நான் வாங்கியதே ஜம்பத்துக்குத்தான். எழுபதுகளில் ஒரகடத்தில் உரக்கடை வைத்திருந்தவனுக்குக் கார் எதற்கு? பட்டணத்தில் மூன்று கை மாறிய வண்டி. முன்சீட்டிலேயே மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், டிக்கியில் நாலு மூட்டை உரம் போகும். அவ்வளவுதான் அதன் பெருமை. ஏரிக்கரை ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். இடதுபக்கப் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தேன். பேட்டரி காலையில் செத்துக் கிடக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்தக் கதைதான்.

தினமும் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளுவதற்குப் பின்வீட்டுக்காரர் வருவார். விவசாயி, என்னைவிட இளையவர். வேட்டியை மடித்துக் கட்டி, டிக்கியில் கை வைத்ததும் ஒரு குரல் கொடுப்பார்: "சாவி போட்டியாண்ணா?" சாவியைத் திருப்பாவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் வண்டி குலுங்குமே தவிர, இன்ஜின் பிடிக்காது. ஒருநாள் நான் மறந்துபோய் அவரைத் தெருக்கோடிவரை மூச்சிரைக்கத் தள்ள வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இந்தக் கேள்வி. "போட்டேன், தள்ளு" என்பேன். இரண்டாவது கியரில் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பங்குனி மாதம், வெயில் ஏறிய நேரத்தில் அவர் ஓடிவந்தார்.

"அண்ணா, வூட்ல வலி எடுத்துக்கிச்சு. ரத்தமா போவுது. பெரும்பூதூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்ணா."

முந்தின நாள்தான் சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை தைத்துப் போட்டிருந்தேன். மறுநாள் மச்சினன் குடும்பம் வருகிறது. வல்லக்கோட்டை கோயிலுக்குக் காரில் அழைத்துப்போய்ப் பீற்றிக்கொள்ள வேண்டும். ரத்தம் என்றதும் என் கண்முன் வந்தது அந்தப் பெண் அல்ல, அந்த வெள்ளை உறை. சீ! எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

"வண்டி கிளம்பாதுப்பா. பேட்டரி சுத்தமா போயிடுச்சி" என்றேன். யார் சந்தேகப்படுவார்கள்? ஊரறிந்த வண்டி.

"தள்னா கிளம்பிடும்ணா, நீ ஏறு" என்று மூன்று பேரைக் கூட்டிவந்துவிட்டார். அவர் மனைவி வேப்பமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"சாவி போட்டியாண்ணா?"

"போட்டேன்."

போடவில்லை. மூன்று தடவை தெருக்கோடிவரை தள்ளினார்கள். மூன்று தடவையும் குலுங்கிக் குலுங்கி நின்றது. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண்ணாடியை மேலே திருப்பி வைத்தேன். ஒரு விரலை அசைத்திருந்தால் போதும். அசைக்கவில்லை, பாவி.

கடைசியில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் மச்சினன் வீட்டார் தள்ள, வண்டி உடனே பிடித்துக்கொண்டது. மச்சினன் உறையைத் தடவிப் பார்த்து, "மாமா, ஜோரா கீதே!" என்றான். நான் கோயில் வாசலோடு நின்றுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, காலையில், நான் கூப்பிடாமலே அவர் வந்தார். முகம் வற்றிப் போயிருந்தது.

"நீ இன்னாண்ணா பண்ணுவே? வண்டி அப்படி. மனசுல வெச்சிக்காதே, ஏறு" என்றார்.

ஏறினேன். அவர் பின்னால் போய்க் கை வைத்தார்.

"சாவி போட்டியாண்ணா?"

போட்டிருந்தேன். அன்றும் "போட்டேன்" என்று சொன்னவன்தானே நான்; சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவர் மறுபடியும் கேட்டார்.